முதல் மான் ரைஃபிள்: .270, .243, 6.5×55, .308 நான்கில் எது?

அபர்டீனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். மான் வேட்டைக்கான முதல் நிலைச் சான்றிதழ்த் தேர்வில் தேறிவிட்டார். அடுத்து ஸ்காட்லாந்து காவல்துறைக்குத் துப்பாக்கி உரிம விண்ணப்பம் போட வேண்டும். இங்கே "ஒரு ரைஃபிள் வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் தர மாட்டார்கள். என்ன காலிபர் (குழல்துளையின், அதற்கான தோட்டாவின் அளவு), என்ன மான், யாருடைய நிலம் என்றெல்லாம் எழுத வேண்டும். உரிமத்தில் அந்தக் காலிபர்தான் பதிவாகும், அதைத்தான் வாங்க முடியும். மனம் மாறினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு.

"அண்ணா, அந்தக் கட்டத்தில் என்ன எழுதட்டும்?" என்று கேட்டார்.

பத்து நிமிடத்தில் ஒரு பதில் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு எனக்கே அது போதவில்லை. இதே கேள்வியை 2002-ல் கேட்டிருந்தால் .270 என்று சொல்லியிருப்பேன். 2006-ல் .243. 2013-ல் 6.5×55. இன்றைக்கு .308 என்கிறேன். நான்கும் என் இரும்பு அலமாரியில் இருந்தவை, இரண்டு இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நான் ஏன் மாறினேன் என்று தெரிந்தால்தான் தம்பி தனக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய முடியும். அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டைக்குத் தடை, அது சரியான சட்டம். நம் காட்டில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் ஓநாய் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. மானைத் தின்ன மனிதனை விட்டால் ஆளில்லை. மொத்தம் பத்து லட்சம் மான்கள் வரை இருக்கலாம் என்று அரசே சொல்கிறது. நட்ட மரக்கன்று முழங்கால் உயரம் வருவதற்குள் நுனி கடிபட்டு நிற்கும். கடுங்குளிர் நீண்டுபோன வருடங்களில், மார்ச் மாதம் ஓடைக்கரையில் எலும்பும் தோலுமாகச் செத்துக் கிடக்கும் பிணைகளை (பெண் மான்களை) நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே இங்கே வருடா வருடம் இத்தனை மான் சுட்டாக வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்த வேலையைச் செய்பவரை ஸ்டாக்கர் என்கிறார்கள். காற்றுக்கு எதிராக, ஈரத்தில் வயிற்றால் ஊர்ந்து, மானுக்குத் தெரியாமல் நூறு நூற்றைம்பது கஜம் வரை நெருங்கி, ஒரே குண்டில் முடிக்க வேண்டும். அந்த ஒரே குண்டு என்பதுதான் இந்த ஒப்பீட்டுக்கே அடிப்படை.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் 1985-ஆம் ஆண்டு ஆணைப்படி செம்மான், சிகா, ஃபாலோ மான்களுக்குக் குண்டின் எடை குறைந்தது 100 கிரெயின் (ஆறரை கிராம்), குழல்வாயில் வேகம் விநாடிக்கு 2,450 அடி, ஆற்றல் 1,750 அடி-பவுண்டு இருக்க வேண்டும். சின்னதான ரோ மானுக்கு 50 கிரெயின், அதே 2,450 அடி, 1,000 அடி-பவுண்டு போதும். குண்டு, பட்டதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். 2023-ல் அந்த 100 கிரெயினை 80 ஆகக் குறைத்தார்கள். அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன், இந்தக் கட்டுரையின் பாதி அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் கணக்கு வேறு: பெரிய மான்களுக்கும் ரோவுக்கும் காலிபர் .240-க்குக் குறையக்கூடாது, ஆற்றல் 1,700 அடி-பவுண்டு. தம்பி நாளைக்கு வேலை மாறித் தெற்கே போனாலும் நான் சொல்லும் நான்கும் அங்கே செல்லும்.

சரி, .270.

நான் இன்வெர்னஸ் பக்கம் குடிவந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற ஸ்டாக்கர். நாற்பது வருடம் ஒரே எஸ்டேட்டில் (பெரிய தனியார் மலைநிலம்) மலை ஏறி இறங்கியவர். அவரோடுதான் முதலில் மலைக்குப் போனேன். அந்தக் காலத்தில் எந்த எஸ்டேட்டில் கேட்டாலும் .270 வின்செஸ்டர்தான் பெரும்பாலும் கைகாட்டப்படும். 1925-ல் வந்த தோட்டா. 130 கிரெயின் குண்டு விநாடிக்கு 3,000 அடிக்கு மேல் போகும், தூரம் தப்பாகக் கணித்தாலும் குண்டு அதிகம் தாழாது. 200 கஜத்துக்கு உள்ளே நெஞ்சுக்குக் குறிவைத்துச் சுட வேண்டியதுதான். லேசர் தூரமானி சட்டைப்பைக்கு வராத நாட்களில் இது பெரிய வசதி. நானும் பழைய பார்க்கர்-ஹேல் ஒன்றை வாங்கினேன். வால்நட் மரக்கட்டை, நீலம் ஏற்றிய இரும்பு. கையில் எடுத்தாலே மனசு நிறையும். ஸ்கோப்போடு நாலரைக் கிலோ இருக்கும்.

அது என்னை இரண்டு விதத்தில் கைவிட்டது. இரண்டுக்கும் தோட்டா பொறுப்பில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

முதலாவது மரம். ஒரு நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மதியம் ஒரு பிணை, நூற்றைம்பது கஜத்தில், பக்கவாட்டில் நின்றது. ரைஃபிளைப் பையின் மேல் ஊன்றி நிதானமாகத்தான் சுட்டேன். நுரையீரலுக்குப் போக வேண்டிய குண்டு வயிற்றில் பட்டது. முதுகைக் கூனிக்கொண்டு அது மேட்டைத் தாண்டிப் போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பெரியவரின் நாய் இரண்டு மணி நேரம் மோப்பம் பிடித்து ஒரு பள்ளத்தில் கண்டுபிடித்தது. இரண்டாவது குண்டில் முடித்தேன். திரும்பும் வழியில் அவர் என்னைத் திட்டவே இல்லை. வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் கீழ் ரைஃபிளை வைத்து, பாக்கெட்டிலிருந்து ஐந்து பவுண்டு நோட்டை எடுத்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்தார். வாங்கிய நாளில் அந்த நோட்டு முனையிலிருந்து அடி வரை தடையில்லாமல் ஓடியது. அன்றைக்கு நாலு விரல்கடை போனதும் நின்றுவிட்டது. மழை குடித்து மரம் உப்பி, ஒரு பக்கமாகக் குழலைத் தள்ளிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் அட்டையில் சுட்டுப் பார்த்தால் நூறு கஜத்தில் நாலு அங்குலம் இடப்பக்கம். மரக்கட்டை அழகுதான். ஆனால் அந்தப் பிணைக்குப் பிறகு மழை நாளில் மரக்கட்டை ரைஃபிளை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இங்கே மழை இல்லாத நாள் குறைவு.

இரண்டாவது உதைப்பும் சத்தமும். அப்போது என் ரைஃபிளின் குழல்முனையில் மாடரேட்டர் மாட்ட மரை கிடையாது. மாடரேட்டர் என்றால் நம் சினிமாவில் சைலன்சர் என்கிறார்களே, அதுதான். சத்தத்தை முழுக்க அடக்காது, இருபத்தைந்து முப்பது டெசிபல் குறைக்கும். அது இல்லாமல் .270 வெடிக்கும்போது 160 டெசிபலைத் தொடும். வலது தோளில் வைத்துச் சுடுபவனுக்கு இடது காதுதான் குழல்வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். என் இடது காதில் இன்றும் ராத்திரி சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம் ஓய்வதில்லை. உதைப்புக்குப் பயந்து நான் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்பது எனக்கே தெரியாது. பெரியவர்தான் கண்டுபிடித்தார். ஒருநாள் பயிற்சியில் தோட்டாக்களை அவரே நிரப்பித் தந்தார், நடுவில் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைக் கலந்துவிட்டார். நான் விசையை இழுத்தேன், 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. ஆனால் குழல்முனை ஒரு அங்குலம் கீழே குதித்தது. அதைப் பார்த்தபோது வந்த வெட்கம் கொஞ்சமல்ல. குண்டு எவ்வளவு வேகமாகப் போனால் என்ன, கிளம்பும்போதே கை ஆடினால்?

அப்படித்தான் 2006-ல் .243-க்கு வந்தேன். 1955-ல் வந்த தோட்டா, .308-இன் குடுவையையே (மருந்து நிரப்பும் பித்தளைக் கூட்டை) கழுத்து ஒடுக்கிச் செய்தது. உதைப்பு .270-இல் ஏறக்குறையப் பாதி. இம்முறை துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் கட்டை, இருபது அங்குலக் குழல், முனையில் மரை போட்ட டிக்கா டி3. ஃபின்லாந்தில் செய்வது. அழகு பார்த்து வாங்கும் சாமான் கிடையாது. ஏழு வருடம் மழையிலும் பனியிலும் கிடந்தும் அதன் குறி அரை அங்குலம் நகரவில்லை. மாடரேட்டரோடு சுடும்போது குண்டு மானில் படுவதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிந்தது. நான் ஒழுங்காகச் சுடக் கற்றுக்கொண்டது அந்த .243-இல்தான். போலித் தோட்டா வைத்தாலும் குழல் அசையவில்லை. புதிதாக வருபவர்களுக்கு .243 சொல்பவர்கள் இதற்காகத்தான் சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

மாடரேட்டர் பற்றி ஒன்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றித் தனியே உலர வைக்க வேண்டும். வெடிமருந்துக் கரியும் ஈரமும் சேர்ந்தால் எஃகை அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக்கும் இது பொருந்தும். களைப்பில் ஒரு வாரம் அப்படியே விட்டேன். குழல்வாயில் சின்னச் சின்னப் புள்ளிக் குழிகள். துப்பாக்கிக் கம்மியர் முனையை வெட்டிச் சீவித் தந்தார்.

.243 என்னைக் கைவிட்டது இரண்டு இடத்தில். 2011 அக்டோபர், கலைமான்கள் (ஆண் செம்மான்கள்) பிணைகளுக்காகக் கத்திச் சண்டை போடும் காலம். நூற்றெண்பது கஜத்தில் நல்ல கனமான கலை ஒன்று. குண்டு சரியான இடத்தில்தான் பட்டது, பட்ட சத்தமும் கேட்டது. அது எண்பது கஜம் ஓடி, கரிமண் வெட்டுகளுக்குள் மறைந்தது. போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. 100 கிரெயின் ஈயக் குண்டு உள்ளேயே விரிந்து அங்கேயே நின்றுவிட்டது, மறுபக்கம் வெளியே வரவில்லை. மேலே புகுந்த சின்ன ஓட்டையைக் கொழுப்பும் மயிரும் அடைத்துக்கொள்ள, ரத்தம் தரைக்கு வரவே இல்லை. இருட்டுவதற்குள் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மான் அப்போதே செத்துவிட்டது, வேதனைப்படவில்லை. ஆனால் அது மொட்டை மலை. அடர்ந்த காடாக இருந்திருந்தால் அன்றைக்கு அதை இழந்திருப்பேன்.

இன்னொன்று கணக்கு. தோட்டாப் பெட்டியில் 2,960 அடி வேகம் என்று போட்டிருக்கும். அது நீளமான சோதனைக் குழலில் அளந்தது. என் இருபது அங்குலக் குழலில் வேகமானி வைத்துப் பார்த்தேன். 2,830 வந்தது. ஆற்றல் 1,779 அடி-பவுண்டு. சட்டம் கேட்பது 1,750. மயிரிழையில் தப்பியிருக்கிறேன். இன்னும் குட்டையான குழலாக வாங்கியிருந்தால் தெரியாமலே சட்டத்தை மீறியிருப்பேன். .243 வாங்குகிறவர்கள் குழல் நீளத்தை அலட்சியம் செய்ய வேண்டாம்.

பழங்காலத்துப் பெரிய பெயர்களே இந்தச் சட்டத்தில் அடிபட்டுப்போகும். டபிள்யூ. டி. எம். பெல் என்ற எடின்பரோக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானை சுட்டவர், அதில் பெரும்பகுதியை .275 ரிக்பி என்ற சின்னத் தோட்டாவில் சுட்டவர். கடைசிக் காலத்தில் ஸ்காட்லாந்தின் ராஸ்ஷயர் மலையில் குடியிருந்து, .220 ஸ்விஃப்ட் என்ற மின்னல் வேகத் தோட்டாவில் செம்மான் சுட்டார். 1935-ல் வந்த அது 48 கிரெயின் குண்டை 4,000 அடிக்கு மேல் விரட்டும். இன்றைய சட்டப்படி ரோ மானுக்குக்கூட இரண்டு கிரெயின் குறைவு! அதேபோல, மலை ஸ்டாக்கர்கள் உயிராக மதித்த 6.5×54 மன்லிஷர், 160 கிரெயின் நீளக் குண்டோடு 2,450 அடியை எட்டாது. எண்பது வருடம் மான் விழுந்த தோட்டா 1985-ல் ஒரு வரியில் வெளியே போயிற்று. சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பெல்லின் கை நமக்கு இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் .275 ரிக்பிதான் வைத்திருந்தார். 7×57 மவுசர் என்ற ஜெர்மன் தோட்டாவுக்கு லண்டன் ரிக்பி கம்பெனி வைத்த இங்கிலீஷ் பெயர் அது. சம்பாவத் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த ரைஃபிளும் இதே .275 ரிக்பி என்பது நம் ஊரில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நீளமான கனத்த குண்டு, அடக்கமான வேகம், இதமான உதைப்பு. நாற்பது வருடத்தில் பெரியவர் வேறொன்றைத் தேடவே இல்லை. அதைப் பார்த்துத்தான் வேகத்தைவிடக் குண்டின் நீளமும் கனமும் முக்கியம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. 7×57-க்குத் தோட்டா கடைகளில் எளிதாகக் கிடைக்காது என்பதால் அதன் சித்தப்பா மகன் போன்ற 6.5×55-ஐ 2013-ல் வாங்கினேன்.

6.5×55 ஸ்வீடனும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்தபோது 1890-களில் சேர்ந்து உருவாக்கிய ராணுவத் தோட்டா. 140 கிரெயின் குண்டு, 2,600 அடிக்கு அருகில் வேகம். உதைப்பு .243-ஐவிடக் கொஞ்சம் கூடுதல், .270-ஐவிட நன்றாகக் குறைவு. அந்த ஒல்லியான நீளக் குண்டு ஊசி போல ஊடுருவி மறுபக்கம் வந்துவிடும். ரத்தத் தடம் கிடைக்கும். குறைந்த வேகத்தில் படுவதால் தோள்க்கறி கூழாகாது. கறி விற்பவருக்கு அது பெரிய விஷயம். .270-இல் நூறு கஜத்துக்குள் தோளில் பட்டால் ஒரு சப்பை முழுவதும் வீண். திறந்த மலையில், படுத்துச் சுடும் வேலைக்கு இதைவிட நல்லதை நான் சுட்டதில்லை. இன்றும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஏன் .308? இங்கேதான் ஈயம் வருகிறது.

ஈயக் குண்டு மானுக்குள் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறுகிறது. எக்ஸ்ரே படத்தில் பார்த்தால் காயத்தைச் சுற்றி மாவு தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அந்தக் கறியை என் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். மலையில் விட்டுவரும் குடலைத் தின்ன கழுகு வரும், அதன் வயிற்றுக்குள்ளும் போகும். ஸ்காட்லாந்தின் அரசுக் காடுகளில் ஈயமில்லாத குண்டுக்கு மாறினார்கள். 2025 ஜூலையில் வேட்டைக்கான ஈயக் குண்டுகளைப் படிப்படியாகத் தடை செய்யப்போவதாக பிரிட்டன் அரசும் அறிவித்தது. இப்போது முதல் ரைஃபிள் வாங்குகிறவர் செப்புக் குண்டை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும். பழைய ஒப்பீடுகள் பலவும் ஈயத்தை வைத்து எழுதியவை, அவற்றில் பாதி இனிச் செல்லாது.

செப்பு ஈயத்தைவிட லேசு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் என்றால் செப்பு 8.9 தான். அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாக இருந்தாக வேண்டும். நீளமான குண்டு தலைகீழாகப் புரளாமல் போக வேகமாகச் சுழல வேண்டும். பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குட்டைப் பம்பரம் சுமாராகச் சுற்றினாலும் நிற்கும். ஒல்லியாக நெட்டையாகச் செதுக்கினால் சாட்டையை இறுக்கிச் சுண்டினால்தான் நிற்கும். குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளமான புரிதான் இங்கே சாட்டை. .243 குழல்களில் பெரும்பாலும் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் 100 கிரெயின் செப்புக் குண்டு நிலையாக நிற்காது. 80 கிரெயின் நிற்கும். ஆனால் பழைய சட்டம் 100 கேட்டது. அதாவது .243 வைத்திருப்பவர் செம்மானுக்கு ஈயத்தை விடவே முடியாத நிலை. 2023-ல் 80 ஆகக் குறைத்தது இதற்காகத்தான்.

ஆகவே .243 பிழைத்துக்கொண்டது. 80 கிரெயின் செப்பு, நீளக் குழலில் 3,350 அடி வரை போகும், ஏறக்குறைய 2,000 அடி-பவுண்டு. விரிந்த பிறகும் துண்டாகாமல் மறுபக்கம் வந்துவிடுவதால், என் கலைமானுக்கு நேர்ந்தது குறையும். ஆனால் பதினெட்டு அங்குலக் குழலில் 3,150-க்கு இறங்கினால் 1,763 தான். மறுபடி அதே மயிரிழை.

6.5×55-க்கு இது எதுவுமே பிரச்சினையில்லை. 1890-களில் நீளமான குண்டுக்கென்றே எட்டு அங்குலத்துக்குள் ஒரு சுற்று வைத்துவிட்டார்கள். நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய புரி இன்றைய செப்புக் குண்டை ராஜா மாதிரி ஏற்றுக்கொள்கிறது. இதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். அதன் சிக்கல் வேறு: செப்பு விரிய வேகம் வேண்டும். குண்டுக்குக் குண்டு மாறும் என்றாலும், மானில் படும்போது 2,000 அடிக்குக் கீழே போகாமல் நான் பார்த்துக்கொள்வேன். 6.5×55 இருபத்துநாலு அங்குலக் குழல் கேட்கும் தோட்டா. அதைக் குட்டையாக்கினால் அந்த வேகத்தைத்தான் முதலில் இழப்போம். எனக்கோ வேலை மலையிலிருந்து தோட்டக் காட்டுக்கு மாறிவிட்டது. சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் வரிசை வரிசையாக, ஒளி புகாமல் நட்ட காடு. இருபத்துநாலு அங்குலக் குழலின் முனையில் மாடரேட்டரும் சேர்ந்தால் ஒவ்வொரு கிளையும் பிடித்து இழுக்கும். அந்தக் காட்டில் மான் முப்பது கஜம் ஓடினாலே கையும் காலும் போட்டுத் தவழ்ந்து தேட வேண்டும்.

.308 குட்டைக் குழலை மன்னிக்கும் தோட்டா. 1952-ல் வந்தது. அதன் மருந்து சீக்கிரம் எரிந்து முடிவதால் ஒரு அங்குலம் குறைத்தால் இருபது முப்பது அடிதான் போகும். குழல்துளை அகலம், 130 கிரெயின் செப்பு இருபது அங்குலக் குழலிலேயே 2,850-ஐத் தாண்டும், ஆற்றல் 2,300-க்கு மேல். சட்டத்தின் வாசல்படியில் நின்று பயப்பட வேண்டியதில்லை. பாக்கெட்டில் தோட்டா தீர்ந்தால் எந்தச் சிற்றூர்க் கடையிலும் .308 இருக்கும். அப்புறம் உதைப்பு. 2002-ல் .308 கொடுத்திருந்தால் அதிலும் நான் கண்ணை மூடியிருப்பேன். இன்று மாடரேட்டர் அந்த உதைப்பில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறது. லேசான செப்புக் குண்டு இன்னும் கொஞ்சம் குறைக்கிறது. .270-ஐ விட்டு நான் ஓடிய காரணம் இப்போது இல்லை.

அப்படியென்றால் மாடரேட்டர் போட்ட .270-க்கே திரும்பலாமே என்று கேட்கலாம். மொட்டை மலையில் மட்டும் சுடுபவருக்கு இன்றும் நல்லதுதான். அதற்கும் நீளக் குழல் வேண்டும் என்பதால்தான் நான் திரும்பவில்லை.

6.5 க்ரீட்மோர் பற்றியும் தம்பி கேட்டார். 2007-ல் வந்தது. 6.5×55 செய்யும் வேலையையே குட்டையான குடுவையில் செய்கிறது, புரியும் வேகமானது, தோட்டா எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எனக்குப் பழையதன் மேல் பாசம் என்பதைத் தவிர, புதிதாக வாங்குபவர் 6.5×55-ஐத் தேட வலுவான காரணம் என்னிடம் இல்லை.

இனி தம்பியின் விஷயம். அவருக்கு அனுமதி கிடைத்திருப்பது டீ (Dee) ஆற்றுப் பக்கம் ஒரு தோட்டக் காடு. பெரும்பாலும் ரோ, குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் செம்மான் பிணைகள். வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் நண்பர்களோடு மலை. ரோ மட்டும் என்றிருந்தால் .243 போதும் என்று முடித்திருப்பேன். பிணையும் அடர்ந்த காடும் சேர்வதால் .308 என்கிறேன். இருபது அங்குலக் குழல், துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் கட்டை, மரை போட்ட முனை. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. மிச்சமாகும் காசை ஸ்கோப்பில் போடுங்கள், அந்தி மயங்கும் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் மான் வெளியே வரும். மாடரேட்டருக்கும் சேர்த்து இப்போதே எழுதிவிடுங்கள். அவர் மனைவியும் பிறகு சுடக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார் என்றார். ஒரே ரைஃபிளை இருவரும் வைத்துக்கொள்வதாக இருந்தால் க்ரீட்மோர் பக்கம் சாய்வேன்.

இதெல்லாம் காகிதக் கணக்கு. என் தோள் வேறு, அவர் தோள் வேறு. அதனால் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை என் நிலத்துக்கு வரச் சொன்னேன். என்னிடம் .308-உம் 6.5×55-உம் இருக்கின்றன, நண்பர் ஒருவர் தன் .243-ஐக் கொண்டு வருகிறார். உரிமக்காரர் பக்கத்திலேயே இருந்தால் இன்னொருவர் இரவல் வாங்கிச் சுடச் சட்டம் இடம் தருகிறது. ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா. தோட்டாக்களை நான் நிரப்பித் தருவேன், எங்கோ ஒரு இடத்தில் பெரியவர் செய்தது போல ஒரு போலித் தோட்டாவைக் கலந்து வைப்பேன். .308-இல் 'டிக்' என்னும்போது குழல்முனை அசையாமல் நின்றால் கட்டத்தில் .308 என்று எழுதட்டும். கீழே குதித்தால் 6.5 க்ரீட்மோர்.